காட்டுப்பன்றி யாருடைய விலங்கு?

காட்டுப்பன்றியால் பயிர் இழக்கும் உழவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தபின், தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைக் கொல்லக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். நிர்வாகத்துக்கு இப்படி ஒரு கோடு தேவைப்படுவது இயல்பே. ஆனால் இந்த அளவுகோலுக்கு அடியில் ஒரு முன்முடிவு படுத்திருக்கிறது: பன்றியின் வீடு காடு, வயலுக்கு வந்த பன்றி வழிதவறி வந்தது, எவ்வளவு தொலைவு வந்ததோ அவ்வளவு அதன் குற்றம் பெரிது. உழவர் சங்கங்களும் காட்டுயிர் ஆர்வலர்களும் மற்ற எதில் மோதிக்கொண்டாலும் இந்த ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். காட்டை விட்டு ஏன் வந்தது என்று இருதரப்பும் கேட்கின்றன. அந்தக் கேள்வியே பிசகானது என்பதுதான் இங்கே சொல்ல வருவது. காட்டுப்பன்றி காட்டுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட விளிம்பில் வாழும் விலங்கு. அந்த விளிம்பை உண்டாக்குவது வேளாண்மை. எனவே அதன் எண்ணிக்கை கூடுவதும் குறைவதும், எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பதைவிட நிலம் எப்படிக் கிடக்கிறது என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

முதலில் விலங்கின் உடம்பைப் பார்த்துவிடலாம். யூரேசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இயல்பாகப் பரவிய ஒரே இனம் இது. நாம் வளர்க்கும் பன்றியும் இதிலிருந்தே அனத்தோலியாவிலும் சீனாவிலும் தனித்தனியே பழக்கப்பட்டு வந்தது. ஆகவே காட்டுப்பன்றியும் நாட்டுப்பன்றியும் தடையின்றிக் கலக்கக்கூடியவை. மூக்கு நுனியில் ஒரு வட்டத் தகடும் அதைத் தாங்கும் தனி எலும்பும் இருப்பதால் இறுகிய மண்ணையும் அதனால் கிளற முடிகிறது. கிழங்கு, வேர், மண்புழு, புழுக்கூடு, உதிர்ந்த பழம், எலிக்குஞ்சு, செத்த விலங்கின் இறைச்சி என்று எதையும் தின்னும். வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் வசதி இல்லாததால் சேறும் நிழலும் வேண்டும். சினைக்காலம் நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள் சாதாரணம். தீனி நன்றாகக் கிடைத்தால் ஒரு வயது நிறையுமுன்பே பெட்டை சினைப்படும். குட்டி ஈனும் பெட்டைகளும் அவற்றின் மகள்களும் கூட்டமாகத் திரியும், வளர்ந்த ஆண் தனியே போகும். இத்தனை பெரிய உடம்புடைய குளம்பு விலங்குகளில் இவ்வளவு வேகமாகப் பெருகுவது வேறில்லை எனலாம். இந்த உடலமைப்புக்கு அடர்ந்த பெருங்காடு மட்டுமே உகந்த இடம் என்று சொல்ல முடியாது. பகலில் படுக்கப் புதர், புரளச் சேறு, இரவில் தின்ன மாச்சத்துள்ள தீனி, இந்த மூன்றும் நடைதூரத்துக்குள் இருந்தால் போதும். வேளாண்மை தொடங்கிய நாளிலிருந்து மனிதர் இந்த மூன்றையும் சேர்த்தே உண்டாக்கி வந்திருக்கிறார்கள்.

பழைய சான்றுகளில் பன்றி பெரும்பாலும் தினைப்புனத்தில்தான் நிற்கிறது. குறிஞ்சித் திணைப் பாடல்களில் புனம் காத்தல் என்பதே ஒரு நிலையான சூழல். கிளியும் யானையும் போலப் பன்றியும் அந்தக் காவலுக்குக் காரணம். நற்றிணையின் 98ஆம் பாடலில், பொறி வைத்த குறுகிய வழியில் புனத்துக்குள் நுழையப்போகும் பன்றி, பக்கத்தில் பல்லி சொல்வதைக் கேட்டு மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்குத் திரும்பிவிடுகிறது. பன்றி எச்சரிக்கையானது, வைத்த பொறியில் எளிதில் சிக்காது என்பதைப் புனம் காத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதே தொகையின் 119ஆம் பாடலில், தினை தின்னும் பன்றிக்கென்று வைத்த பெருங்கல் பொறியில் புலி அகப்படுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு இதன் மறுபதிப்பை நாம் பார்க்கிறோம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காகச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. பன்றிக்கு வைப்பது பன்றியோடு நிற்பதில்லை. பழத்துக்குள் வெடி மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் அப்படித்தான். 2020இல் கேரளத்தில் சினை யானை ஒன்று வாயில் அது வெடித்து இறந்தபோதுதான் அந்தச் சொல் நாடறிய வந்தது, ஆனால் அதற்கு முன்பும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அது பழகிய பொருள்தான்.

இடைக்காலக் கற்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன. தமிழகத்தின் வடமேற்கிலும் கொங்குப் பகுதியிலும் பன்றியைக் குத்தி மாண்டவர்களுக்கு எடுத்த நடுகற்கள் உண்டு. ஆநிரை மீட்டு இறந்தவனுக்கும் புலி குத்தி இறந்தவனுக்கும் கொடுத்த அதே மரியாதை இவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் ஆத்தகூர் என்னும் ஊரில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் கல் இவற்றில் தனிச்சிறப்புடையது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்ட செய்தி அதில் இருப்பதால் வரலாற்றாசிரியர்கள் அதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்தக் கல் நடப்பட்டது காளி என்ற வேட்டை நாய்க்காக. பெரும் பன்றி ஒன்றோடு பொருது, அதைக் கொன்று தானும் செத்த நாய் அது. அதன் நினைவுக்கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டிருக்கிறார்கள். ஒரு பேரரசின் தலைவிதியை மாற்றிய போரும் ஒரு நாயின் பன்றி வேட்டையும் ஒரே கல்லில் ஏறியிருப்பது இன்றைய வாசகருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். உழுகுடிகளை நம்பி வாழ்ந்த சமூகத்துக்கு அப்படித் தோன்றியிருக்காது. விளைச்சலைக் காப்பதும் எல்லையைக் காப்பதும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒரே வீரம்.

வழிபாட்டிலும் புராணத்திலும் பன்றி வரும் இடங்களைப் பொதுவாக இரண்டாகப் பிரித்து, இந்தியாவில் அது தெய்வம், மேற்கில் அது பகை என்று எழுதுவது வழக்கம். அந்தப் பிரிவு நெடுநேரம் நிற்காது. உதயகிரிக் குடைவரையிலும் மாமல்லபுரத்து வராக மண்டபத்திலும் பூமியை ஏந்தி நிற்கும் திருமேனி, சாளுக்கியரின் அரச முத்திரை, விசயநகரத்துப் பொற்காசு, ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் என்று ஒரு பக்கம் நீண்ட வரிசை. மதுரைத் திருவிளையாடலில் சிவனே தாய்ப்பன்றியாகி அனாதைக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறார். அதே மரபில்தான் கண்ணப்பர் பன்றியை வேட்டையாடி அதன் இறைச்சியைக் காளத்தியாருக்குப் படைக்கிறார். வணக்கமும் வேட்டையும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. கிரேக்கத்தில் கலிடோன் நாட்டுப் பன்றியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி சொல்கிறது. அறுவடையின் முதற்பலனைத் தெய்வங்களுக்குப் படைத்தபோது அரசன் ஆர்ட்டெமிஸை மட்டும் மறந்துவிடுகிறான். சினந்த தெய்வம் அனுப்பும் தண்டனை ஒரு பெரும் பன்றி. அது வந்து அழிப்பது விளைநிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும். கற்பனைகூடப் பன்றியை வயலுக்குத்தான் அனுப்புகிறது, அதுவும் அறுவடைக் கணக்கில் வந்த பிழைக்காக. தொன்மங்களை உயிரியல் சான்றாகக் கொள்ள முடியாது என்பது சரி. ஆனால் தொலைவான இரண்டு பண்பாடுகள் இந்த விலங்கை மண்ணோடும் விளைச்சலோடும் இணைத்தே நினைத்தன என்பதை அவை காட்டுகின்றன.

வேளாண்மை பன்றியைப் பெருக்கும் என்பதற்கு மிகத் தெளிவான வரலாற்றுச் சான்று ஜப்பானில் இருக்கிறது. வடகிழக்கு ஹொன்ஷுவின் ஹச்சினோஹே என்ற சிற்றரசில் 1749இல் வந்த பஞ்சத்துக்கு அந்நாட்டார் இட்ட பெயரே பன்றிப் பஞ்சம். எடோ நகரம் பெருத்துக்கொண்டிருந்த காலம். அங்கே சோயாவுக்குக் கிராக்கி. ஹச்சினோஹே உழவர்கள் மலைச்சரிவுகளை எரித்துச் சோயா பயிரிட்டார்கள்; மண் சத்திழந்ததும் அடுத்த சரிவுக்கு நகர்ந்தார்கள். விட்டுப்போன தரிசில் மண்டிய கொடிகளின் வேரும் காட்டுக் கிழங்கும் பன்றிக்கு நல்ல தீனி, புதர் நல்ல மறைவு, பக்கத்துச் சரிவில் சோயா. பன்றி பெருகியது. வானிலை பொய்த்து விளைச்சல் குன்றிய ஆண்டில், வழக்கமாகப் பஞ்சத்தில் மனிதர் தோண்டித் தின்னும் அந்தக் கிழங்குகளையும் பன்றிகள் முன்பே தின்று தீர்த்திருந்தன. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். சந்தைக்கான பயிர், அது விட்டுச்சென்ற தரிசு, அந்தத் தரிசில் வளர்ந்த பன்றி என்ற சங்கிலியைச் சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர் பிரெட் வாக்கர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காடு அழிந்ததால் பன்றி வெளியே வந்தது என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஹச்சினோஹேயில் பன்றி வெளியே வரவில்லை, புதிய நிலத்தோற்றத்தில் பெருகியது.

இதற்கு எதிராக ஒருவர் அதே ஜப்பானிலிருந்தே ஒரு சான்றைக் காட்டலாம். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலுள்ள சுஷிமா தீவில், சுயாமா தொட்சுஆன் என்ற அறிஞர்-அதிகாரி 1700இல் தொடங்கி 1709 வரை நடத்திய இயக்கத்தில் சுமார் 80,000 பன்றிகள் கொல்லப்பட்டு, தீவில் அந்த இனமே இல்லாமல் போனது. விலங்குகளைக் கொல்வதையே ஜப்பானின் ஆட்சியாளரான ஷோகுன் கடுமையாகத் தடுத்திருந்த காலத்தில் இதைச் செய்தார் என்பது கூடுதல் வியப்பு. எனவே கொன்றால் தீரும் என்ற வாதம் வெறும் ஆவேசமல்ல; ஒருமுறை தீர்ந்திருக்கிறது. ஆனால் எப்படித் தீர்ந்தது? தீவை வேலிகளால் பல பகுதிகளாகப் பிரித்து, ஊர்மக்கள் அத்தனை பேரையும் ஆண்டுதோறும் வேலைக்கு இறக்கி, ஒரு பகுதியில் கடைசிப் பன்றி விழுந்த பிறகே அடுத்ததற்குப் போனார்கள். சுற்றிலும் கடல். அந்த நிலையிலும் பத்தாண்டு பிடித்தது. தமிழ்நாட்டின் எந்த ஒன்றியத்தைச் சுற்றியும் கடல் இல்லை. அதோடு, 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுஷிமாவில் பன்றி மீண்டும் தலைகாட்டிப் பெருகிவிட்டது.

ஐரோப்பா இந்தச் சோதனையை நம் காலத்தில் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. ஜெர்மனியில் 2017-18 வேட்டைப் பருவத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் சுடப்பட்டன. உரிமம் பெற்ற வேட்டையாளர்கள், நல்ல துப்பாக்கிகள், இறைச்சிக்குச் சந்தை என்று நம்மிடம் இல்லாத எல்லாமும் அங்கே உண்டு. அப்படியும் 1980களிலிருந்து கண்டம் முழுவதும் பன்றி கூடியே வந்தது. மக்காச்சோளப் பரப்பு விரிந்தது, குளிர்காலம் மிதமாகிக் குட்டிகள் பிழைத்தன, ஓக்கும் பீச்சும் அடிக்கடி நிறையக் காய்த்தன, மலையூர்களை விட்டு மக்கள் வெளியேறிய இடங்களில் புதர் மூடியது. வேட்டை மிகுந்த பிரெஞ்சுக் காடு ஒன்றில் நெடுநாள் நடந்த ஆய்வு, அங்கே குட்டி பிறக்கும் நாளே முன்னால் நகர்ந்திருப்பதைக் கண்டது: சுடப்படுமுன் ஈன்றுவிடும் பெட்டைகளின் இயல்பே அடுத்த தலைமுறையில் தங்கியது. பெரியதைச் சுட்டுச் சிறியதை விடும் வேட்டை, கூட்டத்தை இளமையாக்கி வேகமாக ஈன வைக்கிறது. அமெரிக்காவில் கதை இன்னும் மோசம். 1539இல் ஸ்பானியர் டி சோட்டோவின் படையோடு வந்திறங்கிய பன்றிகளின் வழித்தோன்றல்களும் பின்னால் கொண்டுவந்த காட்டுப்பன்றிகளும் கலந்து இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் திரிகின்றன. அவற்றைப் புதிய இடங்களுக்கு வண்டியில் ஏற்றிப்போய் விட்டவர்களில் வேட்டைப் பிரியர்களே அதிகம். ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் ராணுவத் தளத்தில் வாலுக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேல் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது; வேட்டைக்காரர்கள் போட்ட இரைத்தீனியே அதற்கு முக்கியக் காரணமாயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இனித் தமிழ்நாட்டுக்கு வரலாம். இங்கே கடந்த முப்பது ஆண்டுகளில் நிலம் எப்படி மாறியது என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் கிடைக்காமலும் கட்டுப்படியாகாமலும் புஞ்சை தரிசாகிறது. தரிசில் சீமைக்கருவேலம் ஏறுகிறது. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கண்மாய்க்குள்ளேயே அது காடாகிவிட்டது. காப்புக்காடு கண்ணுக்கெட்டாத கரிசல் ஊர்களிலும் பன்றி தங்கிப் பெருகுவதற்கு இதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. அந்தப் புதரை ஒட்டி, கோழித்தீவனச் சந்தையை நம்பிப் பெரம்பலூர் முதல் திண்டுக்கல் வரை விரிந்த மக்காச்சோளம். இன்னொரு பக்கம் கரும்பு, மரவள்ளி, நிலக்கடலை. பயிரே ஆள் மறையும் உயரம் வளர்வதால் பன்றி அதற்குள்ளேயே பகலையும் கழிக்கலாம். ஊர் ஓரத்துக் குப்பையும் கோழிக் கழிவும் பஞ்ச மாதங்களைத் தாண்ட உதவுகின்றன. நரி அழிந்ததால்தான் பன்றி பெருகியது என்று பலர் உறுதியாகச் சொல்வதுண்டு. நரி சிறு குட்டிகளைத் தூக்கும் என்பது உண்மை. ஆனால் தாய்கள் கூடிநிற்கும் கூட்டத்திலிருந்து அது எடுக்கக்கூடியது கொஞ்சம்தான். புலியும் சிறுத்தையும் செந்நாயும் காட்டுக்குள் செய்யும் வேலையை நரியின் தலையில் ஏற்றுவது மிகை. அந்த மூன்றுக்கும் பன்றி முக்கியமான இரை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. காட்டுக்குள் பன்றி குறைந்தால் அவற்றின் பார்வை மாட்டுப்பட்டி மேல் திரும்பும்.

இதற்கெல்லாம் உழவர் கேட்கும் பதில் கேள்வி நியாயமானது. நிலத்தோற்றம், சந்தை, தரிசு என்று பேசிக்கொண்டிருங்கள். இன்று இரவு என் கடலைக்காட்டில் இறங்கும் பன்றியை என்ன செய்ய? ஒரே இரவில் ஓர் ஏக்கரைக் கிளறிப்போடும் கூட்டத்தின் முன் பழைய புடவைகளை வேலியாகக் கட்டியும், பட்டாசு போட்டும், முடிவெட்டும் கடையிலிருந்து முடியை அள்ளிவந்து தூவியும் விடிய விடியப் பரணில் உட்கார்ந்திருப்பவருக்குக் கட்டுரை பதிலாகாது. அதனால் சுடுவதை ஒரேயடியாக மறுப்பவர்களோடு இக்கட்டுரை சேரவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் வழியை முன்பே வைத்திருந்தது. 62ஆம் பிரிவின் கீழ் பீகாரிலும் உத்தரகாண்டிலும் 2015-16இல் குறிப்பிட்ட காலத்துக்குப் பன்றியைத் தீங்குயிர் என்றே மத்திய அரசு அறிவித்தது. கேரளம் கேட்டபோது மறுத்தது. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. தமிழ்நாடு வனத்துறையினரை மட்டும் சுடச் சொல்கிறது. கண்டபடி நாட்டுத்துப்பாக்கி புழங்காமலிருக்க இது உதவும். ஆனால் எத்தனை ஊருக்கு எத்தனை பேர் போக முடியும்? இந்த ஏற்பாட்டால் மின்வேலியும் அவுட்டுக்காயும் குறைந்தால் அதுவே பெரிய பயன். பன்றியின் மொத்த எண்ணிக்கை இதனால் குறையும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை. சுடுவதானாலும் பெட்டைகளோடு ஒரு கூட்டத்தை முழுதாக அகற்றினால்தான் அந்த ஊரில் அந்தப் பருவத்துக்குப் பலன் தெரியும். தனித்துத் திரியும் கொம்பன் ஒன்றை வீழ்த்திப் படம் எடுத்துக்கொள்வதால் கடலை பிழைக்காது.

இறைச்சியை விற்க விட்டால் மக்களே கணக்கைத் தீர்த்துவிடுவார்கள் என்று இன்னொரு வாதம் உண்டு. கேரளத்தில் கொன்ற பன்றியைப் புதைக்கச் சொல்வது வீண் என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் சந்தை வந்தால் பன்றி குறைய வேண்டும் என்ற விருப்பத்தை விட அது தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்ற விருப்பமே வலுப்பெறும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. விற்பனையை அனுமதிக்கத் தயங்குவதற்கு நோயும் ஒரு காரணம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாம் வழியாக இந்தியாவில் வெளிப்பட்டு, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் இறைச்சியோடு நெடுந்தூரம் பயணம் செய்யும். பன்றி வளர்த்துப் பிழைப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் பட்டிக்கு அந்த நோயைக் கொண்டுசேர்க்கும் வழியைத் திறந்துவைக்கக் கூடாது.

தனி வயலைக் காப்பதிலிருந்து ஊரைக் காப்பதற்கு மாறுவதே முதலில் செய்ய வேண்டியது. ஒருவர் வேலி போட்டால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும். இழப்பு இடம் மாறுகிறது, குறைவதில்லை. ஊர்ப் புஞ்சை முழுவதையும் சுற்றி வரும் சூரியசக்தி வேலிக்கும் அதைப் பராமரிக்கும் ஆளுக்கும் மானியம் தருவது, பத்துப் பேருக்குத் தனித்தனியே தருவதைவிடப் பயனுள்ளது. வயலை ஒட்டிய ஐம்பது, நூறு மீட்டரில் கருவேலத்தை வேரோடு எடுத்துச் சுத்தமாக வைப்பது அடுத்தது. அதை நூறுநாள் வேலையில் சேர்க்கலாம். காட்டுவிலங்குச் சேதத்தையும் பயிர்க்காப்பீட்டில் சேர்க்க மத்திய அரசு முன்வந்திருப்பது நல்லதே, ஆனால் குத்தகைக்கு உழுபவரிடம் பட்டா கேட்டால் அந்தப் பணம் நிலத்துக்காரருக்குத்தான் போகும். எந்த ஏற்பாட்டையும் விழுந்த பன்றிகளை எண்ணி மதிப்பிடக் கூடாது. குறைந்த பயிரிழப்பைக் கொண்டே மதிப்பிட வேண்டும். எந்தப் புலத்தில் என்ன பயிர், எது தரிசு என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பருவந்தோறும் ஏறுகிறது. எங்கே பன்றி அழித்தது என்பது இழப்பீட்டு மனுக்களில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை வேளாண் துறையும் வனத்துறையும் சேர்ந்து ஒவ்வொரு மாவட்டத்திலும் தொடங்க வேண்டும். முடிவுகளை ஊர்வாரியாக வெளியிட வேண்டும்.